யார் பேருக்கு அடங்கல்?

கோவில்வெண்ணி தாண்டியதும் ரயிலுக்கு ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. ஐப்பசி பிறந்த சமயம் டெல்டாவில் இது வழக்கமான காட்சிதான். அறுப்பு நடக்கும் பக்கம் ஒரு இயந்திரம், அதை ஓட்டும் வெளியூர்ப் பையன், வரப்பில் குடையோடு நிற்கும் ஒரு பெரியவர். நடவு நடக்கும் பக்கம் குனிந்த முதுகுகள் வரிசையாக. அத்தனை பேரும் பெண்கள். நீடாமங்கலத்தில் வண்டி கொஞ்சம் நின்றது. பிறகு கொரடாச்சேரி, குளிக்கரை, திருவாரூர்.

பையில் ஒரு கேள்விப்பட்டியல் கொண்டுபோயிருந்தேன். ஐ.நா. வாழ்விட அமைப்பின் ஆதரவில் இயங்கும் 'உலக நிலக் கருவிகள் வலையமைப்பு' தயாரித்தது. நில அளவையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, அடித்தட்டுப் பெண்களின் ஹுவைரூ கமிஷன், கிழக்கு லண்டன் பல்கலைக்கழகம் எல்லாம் அதில் சேர்ந்து உழைத்தன. ஒரு நிலச் சட்டமோ திட்டமோ பெண்களுக்கும் பயன்படுகிறதா என்று அளந்து பார்க்க ஆறு தலைப்பு, 22 கேள்வி. 2009இல் பிரேசில், கானா, நேபாளம் ஆகிய நாடுகளில் பரிசோதித்துப் பார்த்தார்கள். முடிவெடுக்கும்போது பெண்கள் இருந்தார்களா, அதிகாரிகளுக்குப் பயிற்சி உண்டா, தகராறு என்றால் அவள் போய் நிற்க இடம் உண்டா, ஊர் வழக்கம் என்ன சொல்கிறது, காசு பணம் அவள் கைக்கு வருமா, திட்டம் நாளைக்கும் நிற்குமா என்று போகும். நல்ல கேள்விகள்தான். சிக்கல் என்னவென்றால், ஏதாவது ஒரு துறை அதிகாரி மேசையில் உட்கார்ந்தபடியே இவற்றில் பாதிக்கு 'ஆம்' என்று எழுதிவிடலாம். அப்படி எழுத முடியாத கேள்வி எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் திருவாரூர்.

நிலத்துக்காகச் சட்டம் மழையாகப் பெய்த வட்டாரம் இது. 1952இல் தஞ்சாவூருக்கென்றே தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் சட்டம். 1961இல் உச்சவரம்பு. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும். 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கிய சட்டம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் செங்கொடி உண்டு, தடியடி உண்டு, சிறை உண்டு. பிராமண விதவையாக இருந்து கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டு, சைக்கிளில் சேரி சேரியாகப் போய்ப் பண்ணையாட்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை இந்தப் பகுதிக்காரர். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' அவரைப் பற்றியதுதான். அவ்வளவு சட்டமும் வந்து முடிந்த பிறகு, நடவு வயலில் குனிந்து நிற்பவளுக்கு அதில் என்ன எழுதியிருந்தது?

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று திருவாரூரில் சொல்வார்கள். வேலி என்றால் இருபது மா, ஆறு ஏக்கர் அறுபத்தேழு சென்ட். கமலாலயக் குளக்கரையில் நின்று பார்த்தால் ஐந்து வேலி என்பது எவ்வளவு என்று தெரியும். தியாகராஜர் கோயில் கல்வெட்டில் பரவை நங்கையார் பெயர் இருக்கிறது. ராஜேந்திர சோழனுக்கு அணுக்கியார், இந்தக் கோயிலுக்குப் பொன்னும் பொருளும் கொடுத்தவர். பிற்காலத்தில் இதே கோயிலில் கொண்டி பரம்பரைப் பெண்கள் பாடி ஆடினார்கள். கோயில் பணிக்காக இப்படிப்பட்ட பெண்களிடம் மானிய நிலம் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி முயன்று கொண்டுவந்த 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிலத்தைப் பணி நிபந்தனையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே ஆக்கியது. சென்னை மாகாணத்தில் அரசாங்கம் பெண்ணைப் பார்த்து, இந்தா உன் நிலம் என்று சொன்ன ஆரம்பகாலச் சட்டங்களில் இது ஒன்று. தேவதாசி ஒழிப்பு வரலாற்றில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

ஊரை விட்டுக் கிழக்கே போனால், காட்டூரில் கலைஞர் கோட்டத்தைத் தாண்டி ஒரு மதகடியில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்று முடிகளை வயலில் இறைத்துவிட்டிருந்தார்கள். ஒரு அக்கா முடியை எடுத்து, இடது முழங்கையில் சாய்த்து, கட்டை விரலால் நாலைந்து நாற்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பேச்சுக்காகக் கை நிற்கவில்லை.

"இது யாரு வயலுக்கா?"

"கோயில் வயலும்மா. எங்க மாமனார் பேருல குத்தகை."

"மாமனார் ஊருல இருக்காரா?"

"அவரு செத்துப் பதினோரு வருசம் ஆவுது."

"இப்ப யாரு பேருல?"

"அவரு பேருலதான். ரசீதெல்லாம் மூத்தார்கிட்ட இருக்கு. வூட்டுக்காரரு திருப்பூர்ல."

நாற்று விடுவது, பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் இவர். குத்தகை செத்துப்போன மாமனார் பேரில், ரசீது மூத்தார் பெட்டியில். இது ஏதோ ஒரு வீட்டுக் குளறுபடி என்று நினைத்தால், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்று அது விளக்குகிறது. தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் எவருடைய உடலுழைப்பையோ செலுத்திப் பிறர் நிலத்தைச் சாகுபடி செய்பவர். ஆகவே மனைவி நட்டாலும், மருமகள் களை எடுத்தாலும், அது கணவனுடைய, மாமனாருடைய குத்தகைக்குச் சாட்சி. அவள் உழைப்பைச் சட்டம் பார்க்காமல் விட்டது என்று சொல்ல முடியாது. நன்றாகவே பார்த்து, எடுத்து, ஆணின் கணக்கில் வரவு வைத்துவிட்டது. வாரிசும் அதே விதமாக உடலுழைப்பைக் காட்ட வேண்டும் என்கிறது. வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட மகள் எதைக் காட்டுவாள்?

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. நிலம் துண்டாவதைத் தடுக்கும் சட்டம், உச்சவரம்புச் சட்டம், குத்தகை உரிமை பற்றிய சட்டம் ஆகியவற்றை வாரிசுரிமைச் சட்டம் தொடாது என்றது. அதை 2005 செப்டம்பர் 9 முதல் நீக்கினார்கள். குத்தகையே வாழ்க்கையாக இருக்கும் இந்த மாவட்டத்தில் அது எவ்வளவு பெரிய மாற்றம்! நடவு வயலில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எனக்கு விவரம் சொன்ன ஓர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரரும், "சட்டம் மாறுச்சு, கோயில் ரசீதுல பேரு மாறலியே" என்றார்.

எனவே என் பட்டியலில் நான் எழுதிக்கொண்ட முதல் கேள்வி சின்னது. இந்த வயலுக்கு அடங்கல் யார் பேருக்கு?

அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் எழுதும் கணக்கு. எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர், யார் சாகுபடி என்று அதில் இருக்கும். சிட்டா சொத்தைக் காட்டும், அடங்கல் வேலையைக் காட்டும். பட்டா எத்தனை பெண்கள் பேரில் என்று எண்ணுகிறவர்கள் அடங்கலை மறந்துவிடுகிறார்கள். ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல் போட, பயிர்க் காப்பீடு செய்ய, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க, புயல் வெள்ளத்துக்கு நிவாரணம் கேட்க எல்லாவற்றுக்கும் அடங்கல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டபோது இந்த மாவட்டத்தில் நிவாரணத்துக்காகக் காகிதம் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2019இல் வந்த பிரதமரின் ஆறாயிரம் ரூபாய் உதவியோ நிலம் சொந்தமாக உள்ள குடும்பத்துக்கு மட்டும். குத்தகைக்காரருக்கே இல்லை என்கிறபோது அவர் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம்.

கீழ்வேளூர் போகும் வழியில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இறங்கினேன். ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வானம் கறுப்பதும் தார்ப்பாய் இழுப்பதும் மாறி மாறி நடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் போனால் சிக்கல் என்பதால் எல்லார் முகத்திலும் ஒரே கவலை. காலால் நெல்லைக் கிளறிவிடுபவர்கள், கூட்டி அள்ளுபவர்கள், பதர் தூற்றுபவர்கள் பெண்கள். டோக்கனோடு நிற்பவர்கள் ஆண்கள். ஒரே ஒரு பெண் டோக்கன் வைத்திருந்தார். கணவர் வளைகுடாவில் இருக்கிறாராம், இரண்டு வருடமாகச் சாகுபடி முழுக்க இவர்தான். "பணம் யாரு கணக்குக்கு வரும்?" என்று கேட்டேன். "அவரு கணக்குக்குத்தான். அங்கேருந்து எனக்குப் போட்டுவிடுவாரு" என்றார். இங்கே விளைந்த நெல்லுக்கான காசு துபாய் போய்த் திரும்பி வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். பட்டியல் எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. சிட்டா அடங்கல் யார் பேரோ அவர் கணக்கு, அது விதி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மூட்டைக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறுவதால், ஒரு பருவத்தில் எவ்வளவு பணம் பெண்கள் கணக்கில் ஏறியது என்பது கணினியில் இருக்கும். கேட்டால் கிடைக்கும் எண். யாரும் கேட்பதுதான் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பு, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 14 கைப்பற்றுகள் பெண்களுடையவை என்றது. அந்தப் பதினான்கையே திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். நெல் பணத்தின் கணக்கு அதைவிடக் கறாராக இருக்கும். ஏனென்றால் பேர் ஒருவர், பணம் ஒருவர் என்ற ஏமாற்று அதில் கொஞ்சம் குறைவு.

அந்த ஏமாற்றை இந்த மண் நன்றாகவே அறியும். 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அதை 15 ஆக்கினார்கள். குடும்பம் என்றால் யார்? கணவன், மனைவி, மைனர் மகன்கள், மணமாகாத மகள்கள். மகனுக்கு வயது வந்தால் அவன் தனிக் கணக்கு, தனி வரம்பு. மகளுக்கு எத்தனை வயதானாலும் தாலி ஏறும்வரை அப்பா கணக்கு. சட்டம் எழுதியவர்களுக்கு இது உறுத்தவே இல்லை. இன்னொரு பக்கம், பெண்ணின் சீதன நிலம் என்று 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனியே வைத்துக்கொள்ளலாம் என்றும் இடம் விட்டார்கள். பெரிய பண்ணைகளின் வீட்டுப் பெண்கள் திடீரென்று நிலவுடைமையாளர்கள் ஆனது இப்படித்தான். அந்தப் பெண்களில் எத்தனை பேர் அந்த வயலின் வரப்பை மிதித்திருப்பார்கள்? அந்தக் காலத்தில் ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்து பெண்கள் பேரில் எவ்வளவு நிலம் என்று எண்ணியிருந்தால் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருப்பார். மிராசுதார் தப்பித்ததை முன்னேற்றம் என்று எழுதியிருப்பார்.

கீழ்வேளூரிலிருந்து தேவூர் வழியாக வெண்மணி. திருவாரூர் மாவட்ட எல்லை கடந்து நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டோம், ஆனால் வயலுக்கு அது தெரியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் உச்சத்தில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை வெளியிலிருந்து பூட்டி எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வரி வருவதற்கு நேரம் பிடிக்கிறது.

அதற்குப் பிறகு இங்கே வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். பூதான இயக்கத்தில் வினோபாவோடு நடந்தவர்கள். வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாகிரகம் செய்தார்கள். 1981இல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்', சுருக்கமாக லாப்டி, தொடங்கினார்கள். கூத்தூரில் வினோபா ஆசிரமம் இன்றும் இருக்கிறது. அவர்கள் செய்தது எளிமையாகத் தோன்றும். நிலம் விற்க நினைக்கும் மிராசுதாரிடம் பேசி விலை படியவைப்பது, வங்கியிலும் அரசுக் கழகங்களிலும் கடன் ஏற்பாடு செய்வது, ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கராகப் பிரித்து நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குப் பதிவு செய்து கொடுப்பது. பதிவு பெண் பேரில்தான். அதில் கிருஷ்ணம்மாள் விட்டுக்கொடுத்ததில்லை. சுமார் 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பம் என்பது அவர்கள் இயக்கத்தின் கணக்கு. 2008இல் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது, 2020இல் பத்மபூஷண் எல்லாம் பின்னால் வந்தவை. ஐ.நா. பட்டியல் எழுதப்படுவதற்கு இருபத்தைந்து ஆண்டு முன்பே, அதில் உள்ள பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரு அம்மாள் நடந்தே பதில் எழுதியிருந்தார்.

அப்படி நிலம் வாங்கிய ஒரு மூதாட்டியைப் பக்கத்துக் கிராமத்தில் பார்த்தேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பட்டாவை எடுத்து வரச் சொல்லிப் பேத்தியை அனுப்பினார். பாலித்தீன் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் பத்திரம், புகைப்படத்தில் முப்பது சொச்சம் வயதுப் பெண். கடன் அடைத்த கதையை விலாவாரியாகச் சொன்னார். முதல் இரண்டு வருட நெல்லில் வீட்டுக்கு ஒரு மரக்கால்கூட எடுக்காமல் கட்டினாராம். மூத்த மகன் டிராக்டர் வாங்க இதை அடமானம் வைக்கலாம் என்றபோது கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம். "எம் பேருல்ல? நாந்தானே போடணும்?" நான் வந்த காரியம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்தேன்.

"உங்களுக்கப்புறம் யாருக்கு ஆத்தா?"

"மவனுக்குத்தான். ரெண்டு பேரு இருக்கானுவோ."

"மகளுக்கு?"

"அவளக் கட்டிக் குடுத்தாச்சேம்மா. வந்தா போனா ஒரு மூட்ட நெல்லு போடுவானுவோ."

உயில் எழுதாமல் ஒரு இந்துப் பெண் இறந்தால் மகன், மகள், கணவன் எல்லாருக்கும் சமபங்கு என்பது சட்டம். ஆத்தாவின் மகளுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பங்கு எந்த வழியில் வெளியே போகும் என்பதைப் பார்க்க மறுநாள் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலுக்குப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம், எல்லா ஊரும் ஒன்றுதான்.

முகூர்த்த நாள். டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர்களின் கூடங்கள். ஒரு வேனில் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அண்ணன், அண்ணி, மூன்று தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள். தங்கைகள் புதுச்சேலையில் இருந்தார்கள், அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்று பேச்சில் தெரிந்தது. அப்பா போன பிறகு பொதுவில் கிடந்த நிலத்தில் தங்கள் பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வந்திருக்கிறார்கள். பத்திர எழுத்தர் கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பேரையும் புல எண்ணையும் மட்டும் மாற்றினார். பிறர் தூண்டுதல் இல்லாமல், சுய நினைவோடு, மனப்பூர்வமாக என்கிற வரியெல்லாம் ஏற்கெனவே அதில் இருந்தது. படித்துக் காட்டும்போது நடுத்தங்கை போனில் மகனுடைய பள்ளி வேன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் மூத்த தங்கை என்னிடம் வெளிப்படையாகவே பேசினார். "எங்களுக்கும் உரிமை இருக்குன்னு தெரியும்மா. கேட்டா குடுக்கவும் குடுப்பாரு. அதுக்கப்புறம் பொங்கலுக்கு வரிச வருமா? நாளைக்கு எம் பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன்னு வந்து நிப்பாரா? இவரு குடிச்சுட்டு வெளிய தள்ளுனா நான் எங்க போறது?" ஏமாளியின் பேச்சு இல்லை இது. காப்பீட்டுப் பிரீமியம் கட்டுகிறவரின் கணக்கு. கட்டும் தொகை ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அந்தக் காப்பீட்டுக்கு மாற்று ஒன்றையும் காட்டாமல், உன் பங்கை வாங்கிக்கொள் என்று மட்டும் அவளிடம் சொல்லும் கொள்கை அரைக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

சட்டத்தில் குறை இருந்த காலம் ஒன்று உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆனது. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்த கருணாநிதி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் மணமான மகள்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதெல்லாம் பார்க்க வேண்டாம், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகம் பிரித்து முடித்தவை மட்டும் தப்பும். ஆக, சட்டப் புத்தகத்தில் இன்றைக்கு மகளுக்கு எதிராகப் பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு.

கட்டண அட்டவணையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் நிலம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதிகபட்சம் மிச்சம் பத்தாயிரம் ரூபாய். இது நல்ல காரியம், பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக வந்தது. குடும்பத்துக்குள் விடுதலை எழுதினால் தீர்வை 1 சதவீதம், எவ்வளவு பெரிய நிலமானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பதிவுக் கட்டணம் 10,000க்கு மேல் இல்லை. 2023 ஜூலை வரை இவை 25,000, 4,000 என்றுதான் இருந்தன. ஒரு கோடி ரூபாய் நிலத்தில் தங்கையின் பாகம் அண்ணனுக்குப் போக ஐம்பதாயிரம் போதும். அதே சலுகையில் அப்பா மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம் என்பது உண்மை, எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று காலை அந்த வாசலில் நான் பார்க்கவில்லை.

பெண்ணுக்கு நிலம் வரும் வாசலில் ஆளை வைத்து எண்ணுகிறோம், போகும் வாசலில் ஒருவரும் இல்லை. நிலக் கொள்கை பெண்ணுக்கு எவ்வளவு உதவுகிறது என்று அளக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால், ஓர் ஆண்டில் எத்தனை பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள், எவ்வளவு பரப்புக்கு, கைமாறாக என்ன வாங்கினார்கள் என்று கேட்பேன். என் பட்டியலில் இது இரண்டாவது. கொள்கை பலிக்க ஆரம்பித்தால் முதலில் குறைய வேண்டிய எண் அதுதான். பதிவுத்துறை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டது. எழுதிக் கொடுப்பவர் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் வைத்துக் கூட்டிப் பார்ப்பதில் என்ன கஷ்டம்? பட்டாக்களை எண்ணுவதைவிட இதில் பொய் சொல்வது சிரமம். எந்த மிராசுதாரும் உச்சவரம்பிலிருந்து தப்பிக்கத் தங்கையை வைத்து விடுதலை எழுத வைக்க மாட்டார்.

கடைசியாக நன்னிலம் போனேன். போனதற்குக் காரணம் பேர்ப்பொருத்தம். தாட்கோ என்ற அரசுக் கழகத்தின் வழியாக 2023-24 முதல் நடக்கும் திட்டத்துக்கு 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' என்று பேர். திட்டத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் முழு விலக்கு. நஞ்சையென்றால் இரண்டரை ஏக்கர் வரை. விற்பவர் வேறு சாதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஏழையிடமிருந்து இன்னொரு ஏழைக்கு நிலம் மாறுவதற்கு அரசு காசு கொடுத்ததாகிவிடும். கிருஷ்ணம்மாள் செய்ததை அரசாங்கம் தன் கையால் செய்ய முயல்கிறது என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. விற்பவரைத் தேடிப் பேசிப் படியவைக்கும் வேலை லாப்டியில் இயக்கத்தினுடையது, இங்கே அது விண்ணப்பிக்கும் பெண்ணின் தலையில்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி அலைந்துகொண்டிருக்கும் ஒருவரோடு பேசினேன். நாற்பது வயது இருக்கும், நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து வந்திருந்தார். முதலில் பேசிய நிலத்துக்காரர் யாருக்கு விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் பக்கத்து வயல்காரர்கள் பேசி அவரைப் பின்வாங்க வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி, மிச்சத்தைக் கையில் கேட்டார். மானியம் பத்திரத்தில் உள்ள விலைக்குத்தான், கைக்காசுக்கு இவர் எங்கே போவார்? ஒப்புதல் வாங்கியவர்களை அரசு எண்ணும். இப்படி விற்பவர் கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வர வேண்டும், அது என் பட்டியலில் மூன்றாவது.

இப்போது மூன்றாவதாக ஓர் இடம் அமைந்திருக்கிறது. விலை ஒத்துப்போகிறது, விற்பவருக்கு ஆட்சேபணை இல்லை. நிலம் அவர் அப்பா பேரில். கூடப் பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள்.

"அந்தத் தங்கச்சிங்க ரெண்டு பேரும் விடுதலை எழுதிக் குடுத்தாத்தான் எனக்குக் கிரயம் ஆவுமாம். ஒருத்தவங்க ஓசூர்ல இருக்காங்க, இன்னொருத்தவங்க சீர்காழி. கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்களாம், பங்கு வேணுங்கிறாங்களாம். வெலாசம் வாங்கி வச்சிருக்கேன்" என்று பையைத் திறந்து காட்டினார். "ஆபீஸ்லேருந்து யாராச்சும் அவங்ககிட்டப் பேசுவாங்களாம்மா, இல்ல நான்தான் போவணுமா?"

விடுதலை வேண்டாம், தங்கைகளையும் சேர்த்துக் கிரயம் எழுதச் சொல்லுங்கள், விலையில் அவர்கள் பங்கை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம், உங்களுக்கு ஒரு பைசா கூடுதலாகாது என்றேன். இப்படி ஒரு வழி இருப்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. அண்ணன் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது என்றேன். ஓசூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரிக்கப் போனார்.